முப்பத்தேழு

மேலக்கால் நீரேற்று நிலையத்தில்
மூன்றாம் நம்பர் பம்பு
பதினோராவது தடவை நின்றபோது
இரவு மணி ஒன்றேகால்.
வெளியே நாகமலை
இருட்டுக்குள் இன்னோர் இருட்டாய்க் கிடந்தது.
உள்ளே எல்லோரிடமும் ஆதாரம் இருந்தது.

ஒச்சம்மாள் கான்கிரீட் சோதனைத் தாளை விரித்தாள்,
இருபத்தெட்டாம் நாள் பலம்
கேட்டதற்கும் மேலே.
ரெஜினா கேபிளை இரண்டு தரம் மெக்கர் வைத்துப் பார்த்துவிட்டாள்.
சிக்கந்தர் தன் அதிர்வுமானியின் சான்றிதழைச்
சட்டைப்பையிலேயே வைத்திருந்தான், ரேஷன் கார்டு மாதிரி.
துளசிராம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்:
“ஏழைத் தாண்டினா நிறுத்தச் சொன்னீங்க.
நிறுத்துது.”
பேயத்தேவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
கிரீஸ் கையைச் சாக்கில் துடைத்து
மறுபடி துடைத்தார்.

ஐந்து பேரும் சரி.
பம்பு மட்டும் தப்பு.

நான் மெக்கானிக்கல் படித்தவள்.
அதை யாரும் மறப்பதில்லை.
பேரிங் என்று வாயெடுத்தால்
மேடம் அவங்க ஆளைக் காப்பாத்துறாங்க.
வாயை மூடினால்
மேடத்துக்கு ஒண்ணும் புரியல.

லோடு என்று ஒரு சொல்.
ஒச்சம்மாளுக்கு அது டன்.
ரெஜினாவுக்கு ஆம்பியர்.
துளசிராமுக்குத் திரையில் சுற்றும் சின்ன வட்டம்.
குழாய் ஏற்றி வந்து
முந்தாநாளிலிருந்து வாசலில் நிற்கும் லாரிக்காரருக்கோ
ஏறிக்கொண்டே போகும் வாடகை.
“நாளைக்கு லோடு ஏத்திப் பாப்போம்” என்றேன் நேற்று.
எல்லோரும் தலையாட்டினார்கள்,
ஆளுக்கொரு காரியத்துக்கு.

“தாளையெல்லாம் இங்கயே வைங்க,
கீழ போவோம்” என்றேன்.
ஞானமெல்லாம் இல்லை.
அறையில் ஏசி செத்துப் போயிருந்தது.

எட்டு மாதத்தில் முதல் தடவையாகத்
துளசிராம் பம்புக் குழிக்குள் இறங்கினான்,
ரப்பர் செருப்போடு.
தான் எழுதிய நிரலுக்கு இவ்வளவு சத்தமிருக்குமென்று
நினைக்கவில்லை என்றான்,
அதைக் கத்தித்தான் சொன்னான்.

பிளாஸ்க்கில் மிச்சமிருந்த பருத்திப்பாலைத்
தம்ளரில் ஊற்றி
பம்பின் மேடையில் வைத்தார் பேயத்தேவர்.
குடிப்பதற்கென்று நினைத்தேன்.

முப்பது ஹெர்ட்ஸ்.
முப்பத்துநாலு. ஆடை அசையவில்லை.
முப்பத்தாறில் பாலில் ஒரு வளையம்.
முப்பத்தேழில்
தம்ளர் விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தது.
நாற்பதில் ஒன்றுமே நடக்காதது போல்
நின்றுகொண்டது.

ஒச்சம்மாள் உட்கார்ந்து
மேடையில் உள்ளங்கையை வைத்தாள்.
தான் நின்று வார்த்த மேடை.
“இதுக்கும் அந்த நம்பருக்கும் ஆகாது” என்றாள்
சம்பந்தி வீட்டைச் சொல்வது போல.

திங்கட்கிழமை ஊருக்குத் தண்ணீர் போக வேண்டும்.
உடைத்து வார்க்க நாளில்லை.
“அப்ப அந்த நம்பர்ல நிக்காம
தாண்டிப் போகச் சொல்லவா?” துளசிராம்.
“வெரசாத் தாண்டணும், டிரைவ் தாங்கும்” ரெஜினா.
“மூணு செகண்டு என் மீட்டர் கண்ண மூடிக்கிரட்டும்” சிக்கந்தர்.
கான்கிரீட்டின் குறையை நாலு வரி நிரல் சுமக்க
பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.
எனக்கங்கே வேலையில்லை.
தம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாற்பதுக்குத் தண்ணீர் ஏறியது.
யாரும் கைதட்டவில்லை.
“மேடை பலவீனம்னு மட்டும் எழுதிராதீங்க மேடம்”
ஒச்சம்மாள் படியேறும்போது சொன்னாள்.

படிவத்தில் கேட்டிருந்தது:
பிழைக்குப் பொறுப்பான துறை,
ஒன்றை மட்டும் குறிக்கவும்.
ஐந்து கட்டங்கள்.
சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல்
டிக் போட்டேன்.
சென்னையிலிருந்து திரும்பி வந்தது: தெளிவில்லை.

லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.
“மேடம், லோடு?”
ஒரு கணம்
யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

தூங்குகிறவரைத் தாண்டக் கூடாதென்பார்கள்.
மூன்றாம் நம்பர் ஒவ்வொரு விடியலிலும் தாண்டுகிறது,
முப்பத்தேழை எழுப்பிவிடாமல்.